முகாம் முடிந்த பிறகு என்ன? பள்ளி மாணவர்களுக்கான உடல்நலம், கல்வித் திட்டம் பற்றி ஆலோசனை வேண்டும்

கேள்வி: மாலைவகுப்பு

வணக்கம். நாங்கள் ஒன்பது பேர் கொண்ட சிறிய தன்னார்வக் குழு. பக்கத்துப் பள்ளியில் 11 வயதிலிருந்து 16 வயது வரையுள்ள ஏறக்குறைய 200 மாணவர்களுக்காக இந்தக் கல்வியாண்டில் ஏதாவது செய்து தர முடியுமா என்று தலைமையாசிரியர் எங்களிடம் கேட்டிருக்கிறார். என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. பெரிய அளவில் மருத்துவ முகாம் ஒன்றை நடத்தி, கண், பல், காது, எடை, உயரம், இரத்தசோகை என எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. உடல்நலத்தை மருத்துவர்களிடம் விட்டுவிட்டு, மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்போம், கூடவே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டியை அமர்த்துவோம் என்கிறது இன்னொரு தரப்பு.

எனக்கு இரண்டிலும் தயக்கம் இருக்கிறது. சென்ற ஆண்டு வேறொரு பள்ளியில் நாங்கள் முகாம் நடத்தினோம். காலையில் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்குள் அத்தனை மாணவர்களையும் பார்த்து முடித்தோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம், நன்றியுரையும் ஆயிற்று. எட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, நாங்கள் எழுதிக் கொடுத்த பரிசோதனைத் தாள்கள், கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படாமல், அலுவலக அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தன. பள்ளியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அந்தத் தாள்களை யார் வாங்கிக்கொள்வது, வாங்கியவர் அதை வைத்து என்ன செய்வது என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஆகவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். இந்த இரண்டில் எதைத் தொடங்குவது? வாரத்துக்கு இரண்டு மாலை மட்டுமே ஒதுக்கக்கூடிய ஒன்பது பேரால் எவ்வளவு தாங்க முடியும்? செய்தது பலித்ததா இல்லையா என்பதை, மதிப்பெண் பட்டியலைத் தவிர, எதை வைத்துத் தெரிந்துகொள்வது?


மறுமொழி 1: பழைய செவிலி

பள்ளிச் செவிலியாக 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அலமாரித் தாள்களைப் போன்ற கட்டுகளை நானும் பல முறை பார்த்திருக்கிறேன். சிலவற்றைக் கட்டியவளே நான்தான். பரிசோதனை என்பது திட்டத்தின் மிக எளிதான பகுதி. கண்டுபிடித்த குறையைச் சரிசெய்யும் வழி கையில் இல்லாவிட்டால், அதைத் தேடிப்போகாமல் இருப்பதே நல்லது என்று சொல்வேன். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இரத்தசோகை இருக்கிறது என்று ஒரு சிறுமியிடம் சொல்லிவிட்டு, மாத்திரையும் கொடுக்காமல், யாரைப் பார்ப்பது என்றும் சொல்லாமல் அனுப்பினால், அவளுக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர் செய்யக்கூடிய சோதனை அது. குறை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தீர்வு ஒரு மூக்குக்கண்ணாடிதான். படிப்போடு நேரடியாகத் தொடர்புடையதும்கூட. ஒரு வகுப்பின் பின்வரிசையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதும் ஒரு பிள்ளையாவது இருப்பான். ஆசிரியர் அவனைக் 'காப்பியடிக்கிறான்' என்று நினைப்பார். கவனம் இல்லை என்று எழுதிவைப்பார். தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பது அவனுக்கே தெரியாது, ஏனென்றால் உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான்.

டச்சுக் கண் மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் வெளியிட்ட எழுத்து அட்டவணையின் வழியில்தான் இன்றும் சோதிக்கிறோம். ஆறு மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து தரையில் கோடு போடுங்கள், கண்ணளவில் குறிக்காதீர்கள். 6/12 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் எழுத்தை, இந்தப் பிள்ளை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது என்று பொருள். ஏதாவது ஒரு கண்ணில் அந்த வரியையும் படிக்கத் திணறினால் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளின் கண்ணில் அட்டவணை படக் கூடாது; தங்கள் முறை வருவதற்குள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதில் நம் பிள்ளைகளை மிஞ்ச முடியாது. ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாகப் பார்ப்பவர்கள் உண்டு, கண்ணை அழுத்திக்கொள்பவர்களும் உண்டு. அழுத்திய கண் அடுத்த ஓரிரு நிமிடம் சரியாகத் தெரியாது. உள்ளங்கையைக் குவித்து மூடச் சொல்லுங்கள், அல்லது ஓர் அட்டையைக் கொடுங்கள்.

கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 பள்ளிகளில் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், இலவசமாகக் கண்ணாடி கிடைத்த மாணவர்களின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது உண்மை. ஆனால் கல்வியாண்டின் முடிவில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது, கொடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே கண்ணாடி அணிந்திருந்தார்கள். நான் கண்ட காரணங்கள் இவை: வகுப்பில் கேலி, கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெட்டுவிடும் என்ற வீட்டாரின் நம்பிக்கை, காது மடலை உறுத்தும் சட்டம், உடைந்துவிடுமே என்று பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. மூன்றாவது வாரத்தில் ஒருமுறை, மூன்றாவது மாதத்தில் ஒருமுறை என நீங்கள் திரும்பப் போனால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். போகாவிட்டால் தாளுக்குப் பதிலாகக் கண்ணாடி அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. எடை பார்க்கும் இடத்தில் எண்ணை உரக்கச் சொல்லி எழுதவைக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதின்மூன்று வயதில் நாற்பது பேர் முன்னால் கேட்ட அந்த எண்ணை, ஐம்பது வயதிலும் மறக்காதவர்களை எனக்குத் தெரியும்.


மறுமொழி 2: களத்திலிருந்து

செவிலி அம்மா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் முகாம் என்றாலே வீண் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். திரும்பப் போகத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. குடற்புழு நீக்கம் அப்படிப்பட்டது. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கினால் போதும். குடற்புழு பரவலாக இருக்கும் பகுதிகளில், தனித்தனியே சோதித்துப் பார்க்காமலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கொடுக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. தடுப்பூசி நாளும் ஏறக்குறைய இப்படித்தான், அட்டையில் அடுத்த தவணையைக் குறித்துவைக்கும் அளவுக்கு ஒழுங்கு இருந்தால்.

கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளில் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, மிகெலும் கிரெமரும் 2004-இல் எழுதிய ஆய்வு இத்துறையில் பேர்போனது. மாணவர்கள் பள்ளிக்கு வராமல் இருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வில் தேர்வு மதிப்பெண்ணில் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை என்பதை மட்டும் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த முடிவுகளைப் பின்னாளில் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தவர்கள் சில பிழைகளையும் சுட்டினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. என்னைப் பொறுத்தவரை இதில் உங்களுக்கான செய்தி ஒன்று உண்டு: வயிற்றுக்கோளாறு நீங்கிய பிள்ளை பள்ளிக்கு வருவான், வந்தபின் அவனுக்குப் படிப்பு ஏறுவது வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் இரண்டு கட்சிகளும் சண்டைபோட இதில் ஒன்றுமே இல்லை.

மாத்திரை எதுவானாலும், உங்கள் குழு தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. அரசு சுகாதாரத் துறையின் மூலம்தான் கொடுக்க வேண்டும். பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிய ஒரு பிள்ளை குமட்டி வாந்தி எடுத்தால், பத்து நிமிடத்தில் அந்த வரிசை முழுவதற்கும் குமட்டும். மாலைக்குள் ஊர் முழுக்க 'மருந்தில் கோளாறு' என்று பேச்சாகிவிடும். சாப்பிட்டபின் கொடுத்து, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இந்தக் கலவரம் எழாது.


மறுமொழி 3: கணக்கு வாத்தியார்

மாலை வகுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் தன்னார்வலர்கள் பள்ளியில் அன்று நடந்த பாடத்தையே மீண்டும் நடத்தினால், காலையில் புரியாதது மாலையிலும் புரியாது. எட்டாம் வகுப்பு மாணவன் சமன்பாட்டில் தடுமாறுகிறான் என்றால், பெரும்பாலும் அவனுக்குச் சமன்பாடு தெரியாமல் இல்லை. பின்னம் தெரியாது, அல்லது வகுத்தலே தடுமாற்றம். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளவற்றைக் கூட்டி இரண்டு, கீழே உள்ளவற்றைக் கூட்டி ஐந்து, ஆக 2/5 என்று எழுதுவான். அரையைவிடக் குறைவான விடை எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு கணம் விழிப்பான். அந்த விழிப்பிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும்.

ஆகவே வகுப்புவாரியாகப் பிரிக்காமல், யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று முதல் வாரத்தில் பத்து நிமிட வாய்மொழிச் சோதனை வைத்து, படிவாரியாகப் பிரியுங்கள். இந்தியாவில் 1990-களில் தொடங்கிய பிரதம் அமைப்பு இந்த முறையைத்தான் வாசிப்புக்கும் அடிப்படைக் கணக்குக்கும் பெரிய அளவில் செய்துகாட்டியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அந்த அமைப்புடன் சேர்ந்து பல ஆய்வுகளை நடத்தினார்கள். 2019-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை அவ்விருவருடன் பகிர்ந்துகொண்டவர் மேலே நண்பர் குறிப்பிட்ட கிரெமர். ஆனால் 14 வயதுப் பிள்ளையை 11 வயதுக்காரர்களுடன் ஒரே பாயில் உட்காரவைத்தால் அவன் மறுநாள் வரமாட்டான். படி ஒன்றாக இருந்தாலும் வயதில் மூத்தவர்களுக்குத் தனிக் குழு வேண்டும், குழுவின் பெயரும் வேறாக இருக்கட்டும். இது யாரும் ஏட்டில் எழுதிவைக்காத விஷயம். நான் ஐந்து மாணவர்களை இழந்தபின் கற்றுக்கொண்டேன்.

நேரத்தைப் பற்றியும் யோசியுங்கள். 13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. இரவு பத்து மணிக்கு அவர்களுக்குத் தூக்கம் வராதது அடம் அல்ல, இயற்கை. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பெரிய வகுப்புகளைக் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014-இல் அறிவுறுத்தியது. நீங்கள் இரவு எட்டரை வரை வகுப்பு நடத்தி, அதற்குமேல் வீட்டுப்பாடமும் கொடுத்தால், கல்விக்காக உடல்நலத்தைச் சுரண்டும் திட்டமாகிவிடும். ஆறரைக்கு விட்டுவிடுங்கள், வீட்டுப்பாடம் வேண்டாம்.

பலித்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது என்றால், பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மாதத்துக்கு இரண்டு நாள், வராமல் போகும் மாணவரை எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும் என்பது பல நாடுகளில் பயன்படும் அளவுகோல். அதற்கு மேல் போகிறவர்களின் பெயர்களைத் தொடக்கத்தில் குறித்துக்கொண்டு, ஆண்டு முடிவில் அதே பெயர்களைப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று அதட்டாமல் கேட்டால், பல்வலி, மாதவிடாய், தம்பியைப் பார்த்துக்கொள்வது, ஒரு குறிப்பிட்ட வகுப்புத்தோழனிடம் பயம் என்று உங்கள் அடுத்த வேலை என்ன என்பது அங்கேயே கிடைக்கும்.


மறுமொழி 4: இருபக்கம்

வழிகாட்டி அமர்த்துவது பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். நல்ல மனம் இருந்தால் நன்மைதான் விளையும் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. 1939-இல் தொடங்கி 1945 வரை, 500-க்கும் மேற்பட்ட சிறுவர்களை ஒத்த இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், மருத்துவ உதவி, படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களைத் தேடிப் பிடித்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர் அதை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்; ஆனால் குற்றம், குடி, மனநோய், இளவயது மரணம் எனப் பல அளவுகளில், எதுவும் கிடைக்காதவர்களைவிட அவர்களின் நிலை மோசமாக இருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதில் கருத்துகள் பல. குறும்புக்காரர்களை ஒன்றாக முகாமுக்கு அனுப்பியதில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்பது ஒன்று. பழகிப்போன துணை திட்டம் முடிந்ததும் விலகிக்கொண்டது இன்னொன்று. இரண்டாவதை நான் எடையுள்ளதாகக் கருதுகிறேன். இளையோர் வழிகாட்டித் திட்டங்களை ஆராய்ந்து கிராஸ்மனும் ரோட்சும் 2002-இல் எழுதியதும் இதற்கு அருகில் வருகிறது: ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில் பயன் மிகுதியாக இருந்தது; மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. ஏற்கெனவே பெரியவர்களால் கைவிடப்பட்ட பிள்ளையிடம் இன்னொருவர் வந்து, பெயரைக் கேட்டு, பிறந்தநாளைக் குறித்துக்கொண்டு, பிறகு வராமல் போவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

200 பேருக்கு ஒன்பது பேர் வழிகாட்டியாக முடியாது. ஓராண்டு முழுவதும் வருவேன் என்று கையெழுத்திடத் தயாராக இருப்பவர்களை மட்டும் கேளுங்கள். ஒன்பதில் நான்கு பேர் தேறினால் நான்கு மாணவர்களுக்கு மட்டும் வழிகாட்டி, அதுவும் ஆசிரியர்கள் பரிந்துரைக்கும் மாணவர்களுக்கு. விலக நேர்ந்தால் சொல்லிக்கொண்டு விலக வேண்டும். 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டு மறைவதற்கு இங்கே இடமில்லை. பெரியவர் ஒருவர் பிள்ளை ஒருவருடன் மூடிய அறையில் தனியாக இருப்பதும், பள்ளிக்கு வெளியே சந்திப்பதும், தனிப்பட்ட கைப்பேசிச் செய்தி அனுப்புவதும் கூடாது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலரின் முன்வரலாற்றைப் பள்ளி சரிபார்ப்பதற்கு யாராவது முகம் சுளித்தால், அவரைச் சேர்க்காமல் விடுவது உங்களுக்கு நல்லது.


மாலைவகுப்பு (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழுவினரைக் கூட்டி இந்த மறுமொழிகளை வாசித்துக் காட்டினேன். முகாம் வேண்டும் என்ற நண்பருக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் அலமாரியில் இருந்த கட்டைப் பற்றி நான் சொன்னபோது முதலில் தலைகுனிந்தவரும் அவரே. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு மட்டும் கண் சோதனை. மாலை ஆறரை வரை படிவாரியான கணக்கு, வாசிப்பு வகுப்பு. வழிகாட்டியாக இப்போதைக்கு மூவர் மட்டும் என்று முடிவுசெய்திருக்கிறோம். வேறு இருவர், மாதத்தின் கடைசி வாரம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வீடுகளுக்குப் போய்வருவார்கள், ஆசிரியர் ஒருவரும் உடன்வருவார்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. கண் குறை கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துப் போகாவிட்டால் நாங்கள் எதுவரை போகலாம்?


பழைய செவிலி

நீங்களே அழைத்துப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூடாது. வேறொரு வழி உண்டு. தாளைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாமல், தாயோ தந்தையோ பள்ளிக்கு வரும் நாளில் அவர்களையே அந்த ஆறு மீட்டர் கோட்டில் நிறுத்துங்கள். தங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எழுத்தைப் பிள்ளை தடவித் தடவிச் சொல்வதையோ, சொல்ல முடியாமல் நிற்பதையோ அவர்களே பார்க்கட்டும். நான் இப்படி அழைத்து நிறுத்தியவர்களில் பெரும்பாலானோர் அந்த வாரமே கிளம்பிவிட்டார்கள். ஒரு தந்தை தனக்கே அந்த வரி தெரியவில்லை என்று மகளோடு சேர்ந்து போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மருத்துவமனைக்குப் போகும் நாள், அன்றைய கூலி இழப்பு, போய்வரும் செலவு ஆகியவைதான் தடை என்றால், கண் மருத்துவ உதவியாளர் ஒருவரைப் பள்ளிக்கு வரவழைக்க முடியுமா என்று தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கேளுங்கள். சோதனை நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்; அந்தத் தேதி உறுதியான பிறகு தரையில் கோடு போட்டால் போதும்.